பதினேழாம் இலக்கப் பித்தளை வில்லை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தர்ஷினி தொலைபேசி எடுத்தாள். ஜெர்மனியில், பீலெஃபெல்டில் நான் ஓய்வுபெறும் வரை வேலை பார்த்த பயிற்சிப் பட்டறையில் இப்போது அவள் மின்னியல் பயிற்றுநர். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் சனத்தில் ஒருத்தி அந்தப் பட்டறையில் நின்று அதிகாரம் பண்ணுகிறாள் என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. அவளிடம் அதைக் காட்டிக்கொள்வதில்லை.

"மாமா, கருவி அறையை மூடியாச்சு. இனி எல்லாம் கம்ப்யூட்டர் அலுமாரி. கார்ட்டைக் காட்டினால் தட்டு வெளியில வரும்."

"நல்ல விசயம். அதுக்கு நான் வந்து நாடா வெட்டவோ?"

"பகிடியை விடுங்கோ. ஒரு சாமான் குறையுது. ஒரு மல்ரிமீற்றர். அது தொங்க வேண்டிய கொளுக்கியில பதினேழாம் இலக்க வில்லை மட்டும் தொங்குது. பழைய கொப்பியைப் பார்த்தால் வருசா வருசம் 'பாவனையில் உள்ளது' எண்டு எழுதி ஒரு கையெழுத்து. முதல்ல பிரிங்க்மன் எண்ட ஆள், பிறகு நீங்கள். எங்க மாமா அந்த மீற்றர்?"

"தன்சானியாவில."

அந்தப் பக்கம் அவள் கொப்பியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதித் தாங்கோ. கம்ப்யூட்டருக்கு ஒரு காரணம் குடுக்க வேணும்," என்றாள். கம்ப்யூட்டருக்குக் காரணம் சொல்ல உட்கார்ந்து, இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தேன். மூன்று வருடம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன். முப்பத்தொரு வயதில், மீசை முளைக்காத பொடியன்களோடு ஒரே வாங்கில் இருந்து மின்னியல் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்தேன். அந்த வகுப்பில் ஆசிரியரைவிட எனக்கு இரண்டு வயது கூட. பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் யாரோ ஒருவனின் தகப்பன் என்று நினைத்து எனக்குக் கதிரை போட்டார்கள். முடித்த கையோடு இந்தப் பட்டறையில் கருவி அறையைக் கையில் தந்தார்கள்.

கருவி அறை என்பது ஒரு சுவர், ஒரு யன்னல், ஒரு சட்டம். சுவர் முழுக்கக் கொளுக்கிகள். ஒவ்வொரு கொளுக்கியிலும் ஒரு கருவி, அதன் பின்னால் அதே வடிவில் தீட்டிய கறுப்பு நிழல். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தன் இலக்கம் பொறித்த எட்டுப் பித்தளை வில்லைகள், ரூபாய்க் குற்றி அளவில். குறடு வேண்டுமென்றால் யன்னலுக்கு வந்து ஒரு வில்லையைத் தர வேண்டும். நான் குறட்டைக் கொடுத்து, அது தொங்கிய கொளுக்கியில் வில்லையை மாட்டுவேன். குறடு திரும்பி வந்தால் வில்லை திரும்பிப் போகும். கருவியைக் கொடுக்கும்போது கைப்பிடி வாங்குபவர் பக்கம் இருக்க வேண்டும். சட்டம் இதுதான்: வில்லை இல்லாமல் யார் வந்தாலும், நிறுவனத்தின் பெரிய தலையே வந்தாலும், ஓர் ஆணிகூடக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை பெரிய தலையே வந்தது. நான் கொடுக்கவில்லை. மைஸ்டர் பிரிங்க்மன் என்னைப் பார்த்துப் புன்னகைத்த மூன்று தடவைகளில் அது முதலாவது.

மைஸ்டர் பிரிங்க்மன் பட்டறையின் தலைவர். நெட்டை மனிதர், சாம்பல் நிற மேலங்கி, காதில் பென்சில். அந்த அங்கியின் பொத்தான் ஒன்று கழன்று நான் கண்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். யாருடைய வேலையில் பிழை கண்டாலும் வாய் திறக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்துப் பிழையின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் மேசைக்கு வந்து பார்த்தால் நாலு தீக்குச்சிகள் கிடக்கும். எங்கே பிழை என்று அவை சொல்லும், என்ன பிழை என்று சொல்லாது. அதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். திட்டு வாங்கினால்கூட ஆறிவிடலாம், அந்தத் தீக்குச்சி இருக்கிறதே!

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்த காலத்தில், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பன்னிரண்டு இளைஞர்கள் ஒரு வருடப் பயிற்சிக்கு வந்தார்கள். எல்லாரும் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் வெளுத்து வாங்கியவர்கள். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் விளக்குகளையும் சின்ன நீர்ப்பம்பிகளையும் செய்யப் பழகி, ஊருக்குப் போய் அங்கே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வெயிலைப் பற்றிப் படிக்க ஏன் பீலெஃபெல்டுக்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முதல் ஆறு வாரமும் விடாத மழை.

பதினேழாம் இலக்கம் நேமாவுக்கு. தன்சானியாவில் ஒரு பெரிய ஏரிக்கரைப் பட்டணத்திலிருந்து வந்தவள். இருபத்திரண்டு வயது. சிரித்தால் பட்டறையின் அந்தத் தொங்கல் வரை கேட்கும். அவளுடைய ஊர்த் தொழிற்பள்ளி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. சான்றிதழோடு வந்தால் ஓர் அறையும், இருபது பெண்பிள்ளைகளைக் கொண்ட ஒரு வகுப்பும். சான்றிதழ் இல்லாமல் வந்தால் அந்த அறை தட்டச்சு வகுப்புக்குப் போகும்.

"எனக்குத் தட்டச்சில ஒரு கோபமும் இல்லை, ஹெர் அருள்," என்பாள். "ஆனால் அந்த இருபது பிள்ளையளும் கணக்கில புலியள். யாரோ சொல்லுறதை ஏன் தட்டிக்கொண்டு இருக்க வேணும்?"

ஹெர் என்றால் திரு. அவள் பேசியது ஜெர்மன், இடையிடையே இங்கிலீஷ். என் மனதில் அது எங்கள் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். மைஸ்டர் பேசியதும் அப்படித்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாராக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேமாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். என் மனைவி ஜெசிந்தா ஆட்டிறைச்சிக் கறி வைத்து, உறைப்புத் தாங்குவாளோ என்று பயந்துகொண்டு நின்றாள். நேமா கையால் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்," என்றாள். ஜெசிந்தா அன்றைக்கே அவளைத் தத்து எடுத்துவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் நான் யாழ்ப்பாணத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அப்போது அங்கே பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்கிறார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். ஜாம் போத்தலில் ஒரு துளி எண்ணெய் விட்டு விளக்கு எரிக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

நேமா கண்ணை விரித்துக் கேட்டாள். "சுத்துறவைக்கும் செய்தி கேக்குமோ, இல்லாட்டி இருக்கிறவைக்கு மட்டுமோ?"

"மாறி மாறிச் சுத்துவினம்," என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு அவள், "எங்கட ஊரில பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில..." என்று எதையோ சொல்லத் தொடங்கினாள். நான் எங்கள் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளின் கதைக்குப் போய்விட்டேன். பாத்திரம் கழுவும்போது ஜெசிந்தா சொன்னாள், "அந்தப் பிள்ளையையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோவன்." அது என் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை.

சங்கடம் இலையுதிர் காலத்தில் தொடங்கியது. வகுப்பில் எல்லாரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து ஒரே விளக்குப் பெட்டியைச் செய்ய வேண்டும். பகலில் சூரியத் தகடு பற்றரியை நிரப்பும், இரவில் பற்றரி விளக்கை எரிக்கும். இரண்டுக்கும் நடுவில் காவல்காரன் மாதிரி ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. அந்தப் பலகையில் உள்ள ஒரு பாகம் விலைப்பட்டியல் பார்த்து ஜெர்மனியில் வாங்குவது. நேமா அதைக் கையில் எடுத்துக்கொண்டு மைஸ்டரிடம் போனாள்.

"இது எங்கட ஊருக்கு வந்துசேர மூண்டு மாசம் எடுக்கும், ஹெர் மைஸ்டர். அதுவரைக்கும் பிள்ளையள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருட்டில இருப்பினமோ? பழைய றேடியோக்களில இருக்கிற பாகங்களை வைச்சே இந்தப் பலகையைச் செய்யலாம். நான் வரைஞ்சிருக்கிறன்."

"வரைபடம் எண்டால் வரைபடம்," என்றார் மைஸ்டர். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் அவளுடைய வரைபடத்தின் மேல் ஏழு தீக்குச்சிகள் கிடந்தன.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஏழையும் எண்ணி, ஒவ்வொன்றும் எந்தக் கோட்டின் பக்கத்தில் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு, புதிதாக வரைந்தாள். மறுநாள் நாலு. அதற்கடுத்த வாரம் ஒன்று. ஒன்றுமே இல்லாத நாளில் மைஸ்டர் அவளைக் கூப்பிட்டார். நானும் யன்னலால் தலையை நீட்டினேன்.

"நீங்கள் செய்தது வேலை செய்தால் போதாது," என்றார். "உங்கட வரைபடத்தை மட்டும் பார்த்து இன்னொருத்தர் செய்து, அதுவும் வேலை செய்ய வேணும். அப்பதான் அதுக்குப் பேர் தொழில்நுட்பம். இல்லாட்டி உங்கட தனிக் கெட்டித்தனம்."

கானாவிலிருந்து வந்த கோஜோ அவளுடைய வரைபடத்தைப் பார்த்துச் செய்தான். புகை வந்தது. நேமா ஓர் இணைப்பைக் குறிக்க மறந்திருந்தாள். திரும்ப வரைந்தாள், கோஜோ திரும்பச் செய்தான், விளக்கு எரிந்தது. இருவரும் மேசைகளுக்கு நடுவில் ஆடினார்கள். மைஸ்டர் பார்க்காத மாதிரிப் போனார். இறுதிப் பரீட்சையில் நேமா தன் பெட்டியையே வைக்கலாம் என்று அனுமதியும் தந்தார்.

அந்தப் பரீட்சைக்கு ஒரு முறை உண்டு. செய்து முடித்த பெட்டியில் மைஸ்டர் இரகசியமாக ஒரு பழுதை வைப்பார். வாடிக்கையாளர் முறைப்பாடு செய்வதுபோல ஒரு துண்டில் இரண்டு வரி எழுதி வைப்பார். ஒரு மணி நேரத்தில் பழுதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இந்த முறை மைஸ்டர் ஒரு புது ஏற்பாடும் செய்தார்.

"ஊருக்குப் போன பிறகு உங்கட யன்னலுக்கு வர ஏலாதுதானே, ஹெர் அருள்? அங்க கிடைக்கிற கருவியளை மட்டும் ஒரு பெட்டியில போட்டுக் குடுப்பம். பரீட்சைக்கு முதல் அவையளுக்குத் தெரியக்கூடாது. நீங்கள் அந்தப் பக்கத்து ஆள், நீங்களே அடுக்குங்கோ."

அந்தப் பக்கத்து ஆள்! தன்சானியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. நான் அதைச் சொன்னேனா? இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஓம்" என்றேன். மொட்டைத் திருப்புளி, குறடு, சைக்கிள் நட்டுக் கழற்றும் சாவி, சவர அலகு, இரண்டு வயர் பூட்டிய ஒரு ரோர்ச் பல்ப், நெருப்பில் சூடாக்கி ஈயம் வைக்கும் செம்புக் கோல். தடைக்குள் இருக்கும் என் அக்காவின் வீட்டில் என்ன இருக்குமோ அதை அப்படியே அடுக்கினேன். பன்னிரண்டு பெட்டிகளையும் நூலால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, கைதட்டுக் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

பரீட்சை பட்டறையின் பின்முற்றத்தில் நடந்தது. வெளியிலிருந்து இரண்டு பரீட்சகர்கள் வந்திருந்தார்கள். அதிசயமாக வெயிலும் வந்திருந்தது. நேமா நூலை வெட்டிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மீற்றர் எங்க?"

"உங்கட ஊரில இருக்காது எண்டு..." என்று இழுத்தேன்.

"ஆர் சொன்னது? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில றேடியோ திருத்துற கடையில ரெண்டு மீற்றர் கிடக்குது! நான் படிச்சதே அந்தக் கடையில. உங்கட வீட்டில சொல்ல வந்தனான், நீங்கள் கேக்கேல்லை." அவள் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "எங்களிட்ட வெயில் இருக்கு, மூளை இருக்கு, மீற்றர் இருக்கு. இல்லாதது உங்கட விலைப்பட்டியல் மட்டும்தான். ஏன் எங்களை இல்லாதவையளாவே பார்க்கிறியள்?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல் இருந்தது. ஜெர்மன்காரர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பத்து வருடமாகக் குறைப்பட்ட நான், அவளை அதே கண்ணால் பார்த்திருக்கிறேன். மீற்றரை எடுத்துவர ஓடினேன். மைஸ்டர் கையைக் காட்டி மறித்தார். முத்திரை உடைத்த பிறகு கருவி கூட்டவோ குறைக்கவோ ஏலாது. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு விழுந்த பழுதுகள் பல்பாலேயே பிடிபடக்கூடியவை. நேமாவின் விளக்குப் பெட்டியில் வைத்த பழுது என்ன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முறைப்பாட்டுத் துண்டில் இப்படி இருந்தது: 'மாலையில் பற்றரி நிறைந்திருக்கிறது. காலையில் பார்த்தால் விளக்குப் போடாமலே வெறுமையாகிவிடுகிறது.'

நேமா துண்டை இரண்டு தரம் வாசித்தாள். பல்பைப் பிடித்துப் பார்த்தாள், எரியவில்லை. எங்கோ மின்சாரம் கசிகிறது, ஆனால் பல்பை எரிய வைக்கும் அளவுக்கு இல்லை. மீற்றர் இருந்தால் ஒரு நிமிட வேலை. இருபது நிமிடம் போனது. நான் மணிக்கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த இருபது பிள்ளைகளும் வரிசையாகத் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்காருவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

திடீரென்று அவள் நிமிர்ந்தாள். மேசையின் ஓரத்தில், அவள் பாகம் கழற்றிய பழைய றேடியோவின் கூடு கிடந்தது. அதிலிருந்த ஒலிபெருக்கியை வெட்டி எடுத்தாள்.

"அது பெட்டியில் இல்லாத கருவி," என்றார் ஒரு பரீட்சகர்.

"இது கருவி இல்லை, மூலப்பொருள். மூலப்பொருளுக்கு எல்லை இல்லை எண்டு விதியில கிடக்கு."

பரீட்சகர் விதித்தாளைப் புரட்டினார். மைஸ்டர் புரட்டவில்லை. விதியை எழுதியதே அவர்தான். "சரி," என்றார்.

"தகட்டை இருட்டாக்க வேணும். ஒரு துணி தாங்கோ."

ஒருவரிடமும் துணி இல்லை. மைஸ்டர் பிரிங்க்மன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். மேலங்கியின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினார். அங்கியைச் சூரியத் தகட்டின் மேல் விரித்து, நாலு மூலையையும் இழுத்துவிட்டார். உள்ளே அவர் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் முழங்கை பச்சை நூலால் பொத்தப்பட்டிருந்தது. சட்டை நீலம். அந்த மனிதரும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் பொத்துகிறார் என்று கண்டபோது எனக்கு ஏனோ மனம் இளகிவிட்டது.

நேமா தகட்டிலிருந்து பலகை வழியாகப் பற்றரிக்கு வரும் வயரைக் கழற்றி, ஒலிபெருக்கியின் ஒரு வயரைப் பற்றரியில் பிடித்து, மற்றதைக் கழற்றிய வயரில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். 'டக்'. திரும்பவும் தொட்டாள். 'டக்'. பல்புக்குக் காணாத மின்சாரம் ஒலிபெருக்கிக்குக் காணும்.

"இருட்டில ஒண்டும் ஓடக்கூடாது. ஆனால் பற்றரியில இருந்து தகட்டுக்குப் பின்பக்கமா ஓடுது," என்றாள். "ஒருவழி விடுற டயோட் செத்துப்போச்சு. இரவு முழுக்கப் பற்றரி தகட்டுக்குச் சாப்பாடு குடுக்குது."

பழைய றேடியோவிலிருந்தே ஒரு டயோட்டை எடுத்தாள். செம்புக் கோலை நெருப்பில் காய்ச்சி ஈயம் வைத்தாள். திரும்பத் தொட்டபோது சத்தம் இல்லை. இன்னும் நாலு நிமிடம் இருந்தது. மைஸ்டர் பூதக்கண்ணாடியால் அந்த ஈயப் பொட்டை நீண்ட நேரம் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது. தீக்குச்சி வரப்போகிறது என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, புன்னகைத்தார். அது இரண்டாவது.

அன்று பின்னேரம் மைஸ்டர் யன்னலுக்கு வந்தார். "ஹெர் அருள், நீங்கள் ஒரு பிழை விட்டிட்டியள்."

"ஓம், ஹெர் மைஸ்டர்."

"நானும் விட்டிட்டன். நான் உங்களைக் கேட்டன். அவையளைக் கேட்டிருக்க வேணும்." அவர் ஒரு தீக்குச்சியை எடுத்து இரண்டாக முறித்து, ஒரு பாதியை எனக்குத் தந்துவிட்டு மற்றப் பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் முதல், வருகிறவர்களிடமே கேட்டுக் கருவிப் பெட்டி அடுக்கினோம். நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை சொன்ன கருவி எங்களிடமே இருக்கவில்லை. ஹனோவரிலிருந்து எடுப்பிக்க வேண்டி வந்தது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "நான் அண்டைக்கே சொன்னனான்," என்றாள் ஜெசிந்தா. ஒரு மாதம் அதையே சொன்னாள்.

புறப்படும் நாளில் நேமா சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வந்தாள். ஏழு வில்லைகளைத் திருப்பித் தந்தாள். எட்டாவதை நீட்டி, "ஒரு மல்ரிமீற்றர் தாங்கோ," என்றாள்.

"ரயிலுக்கு நேரமாகுது, பிள்ளை."

"வில்லை இருக்குத்தானே? சட்டம் என்ன சொல்லுது?"

எனக்குப் பின்னால் மைஸ்டர் நின்றார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கியவற்றில் நல்லதாக ஒன்றைத் தானே எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். வில்லையைக் கொளுக்கியில் மாட்டினார். "வில்லை தந்தால் கருவி குடுக்கத்தான் வேணும்," என்று சொல்லிப் புன்னகைத்தார். மூன்றாவது. வருட முடிவில் கொப்பியில் 'தொலைந்தது' என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தொலைந்த சாமானுக்கும் வேலை செய்யும் சாமானுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டு, தானே எழுதினார்.

இவ்வளவையும் எழுதித் தர்ஷினிக்கு அனுப்பினேன். கெட்டிக்காரி, அவள் அதோடு நிற்கவில்லை. நேமாவைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். நேமா இப்போது அந்தத் தொழிற்பள்ளிக்கே அதிபர். பதில் நேற்று வந்தது. மீற்றர் இருக்கிறதாம். இரண்டு தரம் வயர் மாற்றியாயிற்றாம். இப்போது நாலாம் இலக்க வில்லைக்குரிய மாணவியின் கையில் இருக்கிறதாம். அவள் மீன் காய வைக்கச் சூரியப் பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறாளாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'மீற்றரைத் திருப்பித் தர எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் ஹெர் அருள் என் வில்லையைக் கொண்டு நேரில் வர வேண்டும். சட்டம் அவருக்குத் தெரியும்.'

தர்ஷினி கொளுக்கியிலிருந்து பதினேழைக் கழற்றிக் கொண்டுவந்து தந்துவிட்டாள். வில்லை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. பயணச்சீட்டும் போட்டாயிற்று. ஜெசிந்தா கட்டிலுக்குக் கீழே கிடந்த சூட்கேஸை இழுத்துத் தூசி தட்டினாள். மிளகாய்த்தூள் பையை அடியில் வைத்து அமத்திவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த முறையாவது," என்றாள், "அந்தப் பிள்ளையைக் கதைக்க விடுங்கோ."